எண்பத்து மூன்று சதவீதம்

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் நூலகர். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, கான்கிரீட் பாடத்தின் நடுவே எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். ஒரு தகவலை எங்கே தேடுவது, எதை நம்புவது என்று சொல்லித்தர வேண்டும். கான்கிரீட் பேராசிரியருக்கு அது டீ குடிக்கிற நேரம். எனக்கு அதுதான் மேடை.

ஒன்பது வருடமாக ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன். "மாணவர்கள்ல எண்பத்து மூணு சதவீதம் பேர் இணையத்துல தேடும்போது முதல் பக்கத்தைத் தாண்டறதே இல்ல." அந்த எண் இருக்கிற கட்டுரையைத் திரையில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். அதிர்ச்சி இறங்க நேரம் வேண்டுமே.

இந்த வருடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, அது முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் சிமென்ட், மணல் என்று போனார்கள். மூன்றாம் வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் என் எண்பத்து மூன்றைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடத்தில் கை தூக்கினாள்.

"சார், நீங்க திரையில போட்ட கட்டுரை ஒரு நூலகச் செய்திமடலைக் காட்டுது. அந்தச் செய்திமடல்ல, கருத்தரங்குல ஒருத்தர் பேசினதுன்னு இருக்கு."

"யாரு பேசினது?" என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

"நீங்கதான் சார்."

நினைவு வந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசினேன். முன்வரிசையே தூங்கி வழிந்தது. எழுப்ப ஓர் எண் தேவைப்பட்டது. எண்பது என்றால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும் என்று மூன்றைச் சேர்த்தேன். பின்னாளில் அதே எண்ணை அச்சில் பார்த்தபோது, நான் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று பூரித்தும் போனேன்.

சமாளிக்க வாயெடுத்தேன். எதிரே அறுபது பேர் கணினியும் கையுமாக இருந்தார்கள்.

"அது நான் அடிச்சு விட்டதும்மா," என்றேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. கடைசியாக நிறுத்தியவர், வாசலில் டீக்கோப்பையோடு நின்ற பேராசிரியர்.

"இப்ப எண்ணிப் பாத்துடலாமா சார்?" என்று அந்தப் பெண்ணே கேட்டாள். அவரவர் அன்று தேடியதைத் திறந்து எண்ணினோம். முதல் பக்கத்தோடு நின்றவர்கள் முப்பத்து நான்கு பேர். பலகையில் எழுதினேன். "ஒரே வகுப்பு, ஒரே நாள்னும் எழுதுங்க சார்," என்றாள். எழுதினேன்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கம்மா வீட்டுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டிருந்தீங்களே, அது எங்கேர்ந்து வந்தது?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம்.