மூன்று வாய்க்கு ஒரே நட்சத்திரம்

நான் பல் கட்டுகிறவள், பேர் மத்தால். படித்து வாங்கின பட்டமெல்லாம் கிடையாது. வலி உயிர் போகும்போது ஊர் என்னை டாக்டர் என்று கூப்பிடும். வலி நின்றதும் பல்பிடுங்கி மத்தால் என்று சொல்லும். முப்பத்தோரு வருஷத்தில் இந்த மலையில் நான் விரல் விடாத வாய் இல்லை, பங்குச் சாமியார் வாய் உட்பட. ஒருத்தரை நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்க வைத்துவிட்டால் அப்புறம் நான் பேசுவதுதான் பேச்சு, எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. என் புருஷன் ஒருத்தன்தான் அந்த நாற்காலியில் உட்காராமலே தப்பித்தவன். வடக்கே அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். போய்த் தொலையட்டும் என்று விட்டேன். எனக்குத்தான் பாஸ்குவால் இருந்தானே. ஒரே பிள்ளை.

அவனும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் வடக்கே கிளம்பினான். கூட இரண்டு பேர். எவுலாலியாவின் மகன் அந்திரேஸ், மிக்காயேலாவின் மகன் பல்தசார். மூன்றும் ஒரே வயசு, ஒரே வகுப்பில் ஒன்றாக ஃபெயில் ஆனதுகள். கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்றும் சேர்ந்து என் முன்னால் வந்து நின்று, எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பல்லில் ஒரே மாதிரி தங்கம் கட்டிவிடு என்றன.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். பல்லைச் சுற்றி மெல்லிசாகத் தங்கத் தகடு, நடுவில் நட்சத்திரமாக ஓர் ஓட்டை, ஓட்டை வழியாக வெள்ளைப் பல் தெரியும். ஆனால் கல்யாணத்துக்குக் கட்டுவார்கள், காட்டுவழி போகிறவன் கட்டுவானா? நல்ல பல்லை ஏன்டா பாழாக்குகிறீர்கள் என்று திட்டினேன். அந்திரேஸ்தான் விளக்கினான். வழியில் பிரிந்துவிட்டால் ஃபோட்டோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமாம். ஈ என்று இளித்துக் காட்டி, இதே மாதிரி பல் வைத்தவனைப் பார்த்தீர்களா என்று கேட்டால் போதுமாம். கெட்டிக்காரப் பயல்கள் என்று மெச்சிக்கொண்டே கட்டிவிட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூலை மாதம் எல்லை தாண்டி அரிசோனா பாலைவனத்துக்குள் இறங்கினார்கள். அதுவரைக்கும் தெரியும். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

மூன்று பேரும் ஒரே ஒரு எண்ணைத்தான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தார்கள். எழுதி வைத்துக்கொண்டால் வழிப்பறிக்காரன் பிடுங்கி வீட்டுக்குப் போன் போட்டு மிரட்டுவான். அந்த எண் மிக்காயேலா வீட்டுப் பழைய பட்டன் போனுடையது. அந்தப் போனை நாங்கள் மூன்று அம்மாக்களும் முறை வைத்து வைத்துக்கொண்டோம், வாரத்துக்கு ஒருத்தி. முறைக்காரி கக்கூஸுக்குப் போனாலும் போனும் கூடப் போகும். வியாழக்கிழமை சந்தை கலைந்ததும் என் வீட்டு வாசல் அறையில் கூடுவோம். பல்வலிக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சூடாக மக்காச்சோளக் கஞ்சி குடித்து, போனைக் கை மாற்றிவிட்டுப் பிரிவோம்.

அழுவோம் என்று நினைக்காதீர்கள். அழுததெல்லாம் முதல் வருஷம். அப்புறம் பொல்லாத பேச்சுத்தான். மூன்று பேரும் அங்கே மூன்று வெள்ளைக்காரிகளைக் கட்டிக்கொண்டு நம்மை மறந்துவிட்டான்கள் என்பாள் மிக்காயேலா. என் மகனை எவளும் கட்டமாட்டாள், அவன் குறட்டைக்கு அமெரிக்காவே எழுந்து உட்காரும் என்பாள் எவுலாலியா. அவள் என் பாஸ்குவாலுக்கு ஞானஸ்நானத் தாய். அவனைக் கையில் வாங்கித் தண்ணீர் ஊற்றக் கொடுத்தவள். அவளுக்கு இன்னும் நாலு பிள்ளைகள் வீட்டில். மிக்காயேலாவுக்குப் புருஷன் இருக்கிறான். எனக்கு வியாழக்கிழமை இருந்தது. மற்ற ஆறு நாளும் பதில் பேச முடியாத வாய்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அந்த ஒரு நாள் மட்டும்தான் எனக்குப் பதில் பேச்சு கிடைக்கும்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் நொயெமி வந்தாள். எல்லையில் கண்டெடுக்கிற எலும்புகளுக்கு வீடு தேடுகிற வேலை அந்தப் பெண்ணுக்கு. தலைநகரத்திலிருந்து ஆறு ஊர் ஏறி இறங்கி, பல் கட்டுகிறவர்களை எல்லாம் விசாரித்து வந்திருக்கிறாள். ஆறாவது ஊர்க்காரன் படத்தைப் பார்த்ததுமே, இது மத்தால் கைவேலை என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். தொழிலில் நல்ல பேர் எடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பலன் அது.

படத்தை என் மடியில் வைத்தாள். நீலத் துணிமேல் ஒரு மேல்தாடை, பக்கத்தில் அளவுகோல். இடப்பக்கம் தங்கம், நட்சத்திரம்.

இரண்டு பக்கமும் இரண்டு பேர் என் தோளை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் மூன்றில் ஒன்று என்று பார்த்தார்கள். நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

அன்றைக்கு அந்திரேஸுக்கும் பல்தசாருக்கும் நட்சத்திரத்தைப் பிசகாமல் வெட்டினேன். பாஸ்குவாலுக்குக் கடைசியாக வெட்டும்போது அவன் வாயைத் திறந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கை ஆடிவிட்டது. நட்சத்திரத்தின் கீழ்க்கால் ஒன்று நீண்டு பல்லின் விளிம்புவரைக்கும் ஓடிவிட்டது. அசிங்கமாக இருக்கிறது, கழற்றி வேறு கட்டுகிறேன் என்றேன். "விடும்மா, எவன் என் வாய்க்குள்ள எட்டிப் பாக்கப் போறான்" என்றான். அந்த நீண்ட கால் படத்தில் அப்படியே இருந்தது.

"டோன்யா மத்தால், இது யாருக்குக் கட்டினதுன்னு சொல்ல முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டாள் நொயெமி.

"மூணும் ஒரே அச்சு. பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் காரணம் எதுவும் இல்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. காரணமெல்லாம் அவர்கள் போன பிறகுதான் வந்தது. சொல்லிவிட்டால் நான் செத்தவனுடைய அம்மா, அவர்கள் இரண்டு பேரும் காத்திருக்கிறவர்கள். எனக்கு எதற்கு அந்தப் போன்? என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு அவர்களால் வெள்ளைக்காரிக் கதை பேச முடியுமா? பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். மகனும் இல்லை, வியாழக்கிழமையும் இல்லை என்றால் எனக்கு வேறு என்னதான் இருக்கிறது? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

நொயெமி மூன்று பேர் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக்குச்சியை விட்டுத் தேய்த்து எடுத்தாள். எச்சிலை வைத்து எலும்புக்குச் சொந்தக்காரியைக் கண்டுபிடித்துவிடுவார்களாம், ஆனால் எட்டு மாசம் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகலாம், வரிசை அவ்வளவு நீளம் என்றாள். ஊர் வாயெல்லாம் பார்த்தவள் வாய்க்குள் வேறொருத்தி கையை விட்டது அன்றைக்குத்தான். ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிடுங்கள் என்று அவள் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வியாழக்கிழமையாக இல்லை. வந்தார்கள், கஞ்சி குடித்தார்கள், போனைக் கை மாற்றினார்கள். ஆனால் பொல்லாத பேச்சு நின்றுபோயிற்று. மிக்காயேலா ஒரு புனிதரையும் விடாமல் மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை, எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன். எல்லாம் தெரிந்த நான், ஒன்றும் தெரியாதவள் மாதிரி கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவள்.

இரண்டாவது மாசம் போன் என் முறையாக இருந்தபோது ஒரு காரியம் நடந்தது. சார்ஜ் போட மறந்துவிட்டேன். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நடக்காதது. திங்கட்கிழமை மத்தியானம் எடுத்துப் பார்க்கிறேன், செத்துக் கிடக்கிறது. எத்தனை மணி நேரமாக அப்படிக் கிடந்ததோ. எனக்கு இனி அதில் கூப்பிட யாரும் இல்லை என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் மறந்திருக்கிறது. ஆனால் அந்திரேஸ் கூப்பிட்டிருந்தால்? பல்தசார் கூப்பிட்டிருந்தால்? அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வியாழக்கிழமை போனைத் துடைத்து மிக்காயேலா கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது மாசம் எவுலாலியா தனியாக வந்தாள், சந்தை இல்லாத நாளில். முழங்கால் வலியோடு மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது என்றாள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாளாம். பக்கத்தில் படுக்கிற மகள் சத்தம் தாங்காமல் வேறு அறைக்குப் போய்விட்டாளாம். நாற்காலியில் சாய்த்தேன். வாயைத் திற என்றேன். திறக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தால், ஒன்னு சொல்லணும். நான் இப்பல்லாம் ஜெபம் பண்றதில்ல."

"நீயா? கோயிலைத் திறக்கிறதே நீதான்."

"போறேன், உக்கார்றேன், வர்றேன். ஜெபம் வரமாட்டேங்குது. எம்புள்ளையா இருக்கக்கூடாதுன்னு கேட்டா, உம்புள்ளையா இருக்கட்டும்னு கேக்குற மாதிரி ஆகுது. பாஸ்குவாலை இந்தக் கையிலதானே வாங்கினேன், அவனைப் போய் எப்படிக் கேப்பேன்? அதான் ஒன்னுமே கேக்குறதில்ல. வாயை இறுக மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அதைச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். நான் விளக்கை இழுத்துப் பிளந்த பல்லைப் பார்த்தேன். நேராக வேர்வரைக்கும் பிளந்திருந்தது. அவ்வளவு கடி கடித்திருக்கிறாள். அந்தப் பல்லைப் பிளந்தது நான்தான், வேறு யாரும் இல்லை. மூன்று மாசமாக இவள் மகனைத் தினம் தினம் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன், எதற்கு? ஒரு குவளைக் கஞ்சிக்கும் கொஞ்சம் பேச்சுக்கும்.

விரல் அவள் வாய்க்குள் இருக்கும்போதே சொன்னேன். அவளால் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் அப்போது சொன்னேன், அவ்வளவு கோழை நான்.

"அது பாஸ்குவால்தான்."

அவள் கண் என்மேல் நிலைகுத்தி நின்றது. முகத்தில் ஒரு தசை அசையவில்லை. ஆனால் என் கட்டைவிரல் அவள் தாடைமேல் இருந்ததே. கல்லாக இறுகிக் கிடந்த தாடை என் விரலுக்கடியில் அப்படியே தளர்ந்து விட்டுக்கொடுத்தது. ஊசி போட்டால்கூட இவ்வளவு சீக்கிரம் தளராது. முப்பத்தோரு வருஷம் தாடை பிடித்தவளை ஏமாற்ற முடியாது. அவளுக்கே தெரிவதற்கு முன்னால் அவள் உடம்பு சந்தோஷப்பட்டுவிட்டது.

என் கையை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும்?"

"படத்தைப் பாத்த அன்னிக்கே."

"மூணு மாசமாவா?" என்றாள். "மூணு மாசமா நான் அந்திரேஸைப் புதைச்சுக்கிட்டிருந்தேன்டி. அவன் சட்டையெல்லாம் மடிச்சு வச்சுட்டேன். நீ பாத்துக்கிட்டே இருந்தியா?"

"ஆமா."

கையை ஓங்கினாள். அடிக்கட்டும் என்று நின்றேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே என்னை இழுத்துத் தோளோடு கட்டிக்கொண்டு, "எம்புள்ளை, என் பாஸ்குவால்" என்று அழுதாள். நிஜமான அழுகை. அதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் வீங்கின கன்னம் என் கழுத்தில் சுட்டது. எனக்குத்தான் கண்ணீர் வரவில்லை. அழுகை அவளுக்கு இரண்டாவதாகத்தான் வந்தது, முதலில் வந்தது வேறு என்று என் விரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிக்காயேலாவுக்கு எப்படிச் சொல்வது என்றாள். நீயே போய்ச் சொல்லு, நான் வரவில்லை என்றேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றாள். போடி, அவளும் தூங்கி மூன்று மாசம் ஆகிறது என்று விரட்டினேன். பல்லைப் பிடுங்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

வாசலில் நின்று பார்த்தேன். சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சாவு வீட்டிலிருந்து போகிறவள் எப்படிப் போவாளோ அப்படி மெதுவாகத்தான் இறங்கினாள். துணி துவைக்கிற தொட்டியைத் தாண்டும்வரைக்கும் அப்படி. தாண்டினதும் என் கண்ணுக்கு மறைந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள் போல. பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கோயில் படியில்கூட நின்று நின்று ஏறுகிறவள், ஐம்பத்தாறு வயசுக்காரி, சரிவில் கல் உருள உருள மிக்காயேலா வீட்டைப் பார்த்து ஓடினாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஓடுகிறாள் பார், என் பிள்ளை செத்ததற்கு ஓடுகிறாள் பார் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க யாரும் இல்லை. படத்தில் இருந்தது அந்திரேஸின் பல்லாக இருந்திருந்தால் நானும் ஓடித்தான் இருப்பேன், அவளைவிட வேகமாக. அது தெரிந்த பிறகு கோபத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

உள்ளே வந்து என் சொந்தப் போனை எடுத்து நொயெமியைக் கூப்பிட்டேன். நட்சத்திரத்தின் கீழ்க்கால் நீளம், அது என் மகனுக்குக் கட்டினது என்றேன். முழுப்பேர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள். அதையும் சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு இப்படிச் செய்தி வருகிறவர்களிடம் அவர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டோன்யா மத்தால், இப்ப உங்ககூட யாராவது இருக்காங்களா?"

காலிப் பெஞ்சைப் பார்த்தேன்.

"இருக்காங்கம்மா. ரெண்டு பேர் இருக்காங்க" என்றேன்.