இரண்டு சாட்சிகள் கண்ட பிறை

அஸர் தொழுகை முடிந்ததிலிருந்தே ஜுனைதீன் மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உக்குவளைப் பள்ளிவாசல் முற்றத்தில் ஊரே மேற்கு மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, இவன் மட்டும் தூணுக்கும் கிணற்றுக்குமாக நடந்தான். நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் இன்னுமொரு நோன்பு. அந்த ஒரு நோன்பு தன் உம்மாவைக் கொண்டுபோய்விடும் என்று அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அது 1935 ஜனவரி. மலேரியா மாத்தளைப் பக்கமெங்கும் வீட்டுக்கு வீடு பாய் விரித்திருந்தது. உம்மா ஜெஸீமாவை ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, விட்டதைச் சுகமான பிறகு களாவாகப் பிடிக்கலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிப் பார்த்தார், டொக்டர் அதட்டிப் பார்த்தார். "களா பிடிக்க நான் உசிரோட இருப்பேனா?" என்று கேட்டுவிட்டு உம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள். அடுத்த காய்ச்சல் நாளைப் பகலில் வரும், அப்போது வயிற்றில் கஞ்சியும் கொயினா மருந்தும் இல்லாவிட்டால் தாங்கமாட்டாள் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

சூரியன் இறங்கி, மேகம் சற்று விலகிய நேரம் சாலிஹ் விரலை நீட்டி "பிறை" என்றான். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிவரும் மாட்டுக் கரத்தைக்காரன் அவன். பக்கத்தில் நின்ற றஹீம் காக்காவும் கண்டேன் என்றார். பெருநாளுக்கு இரண்டு சாட்சி வேண்டும், இரண்டும் ஆயிற்று. இளவட்டங்கள் பெருநாள் தக்பீர் சொல்லத் தொண்டையைச் செருமின. பள்ளிவாசல் தலைவர் கலந்தர் ஹாஜியார் மட்டும் தயங்கினார். முன்பொரு வருடம் இதே சாலிஹின் பேச்சைக் கேட்டு ஊரே ஒரு நோன்பைத் தின்றிருந்தது. படித்த ஆளாயிற்றே என்று அவர் ஜுனைதீனைக் கூப்பிட்டார். "மாஸ்டர், இந்தச் சாட்சிய எடுக்கலாமா?"

கேட்டாரே ஒரு கேள்வி, அதுவும் யாரிடம்! கொழும்பில் படித்த காலத்தில் பேய்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியாரின் விதியில் கிறுக்குப் பிடித்துத் திரிந்தவன் ஜுனைதீன். சாட்சி வருவதற்கு முன் நீ எவ்வளவு நம்பினாய், விஷயம் உண்மையானால் இந்தச் சாட்சி வர எவ்வளவு வாய்ப்பு, பொய்யானால் எவ்வளவு வாய்ப்பு. இவற்றைக் கொண்டு நம்பிக்கையை ஏற்று அல்லது இறக்கு என்பதுதான் அந்த விதி. காந்தத்தின் நடுவே எதிர்ப்பக்கம் வளையும் புதுவகை இலத்திரன் ஒன்றைப் படம்பிடித்துவிட்டார்கள் என்று விஞ்ஞான சஞ்சிகையில் செய்தி வந்தபோது, மாத்தளையில் அதற்காகத் தூக்கம் கெட்டவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். நீராவிப் பெட்டிக்குள் மயிரிழை போல ஒரு கோடு, அவ்வளவுதான். அப்படியொரு துணிக்கை இருந்தாக வேண்டும் என்று முன்பே கணக்கில் கண்டவர்கள் அதைச் சட்டென்று நம்பினார்கள். மற்றவர்கள், வேறொரு ஆய்வுகூடம் தன் சொந்தக் கருவியில் காணட்டும் என்று காத்திருந்தார்கள். முதல் படத்தையே பார்த்து இன்னொருவர் தலையாட்டினால் அது இரண்டாம் சாட்சியாகாது.

ஆகவே றஹீம் காக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: சாலிஹ் விரல் காட்டுவதற்கு முன் கண்டீர்களா, பிறகா? காக்கா நேர்மையான மனிதர், பிறகுதான் என்று ஒப்புக்கொண்டார். அத்தோடு இரண்டு சாட்சி ஒன்றாகிப் போயிற்று. நிலவோ அன்று காலையில்தான் பிறந்தது. இவ்வளவு இளம்பிறை கண்ணில் படுவதற்கு அநேகமாக வழியே இல்லை. பார்க்கத் துடிக்கிற கண்ணுக்கு மேகத்தின் ஓரமெல்லாம் பிறைதான்.

ஆனால் சாட்சிக்கு முன் எவ்வளவு நம்பினாய் என்ற அந்த முதல் எண்ணைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், விடை தலைகீழாகிவிடும். அதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்க உக்குவளையில் ஒரு குஞ்சும் இல்லை. உம்மாவின் வறண்ட உதடு கண்முன் வந்தது. 'எடுக்கலாம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தன் ஆசைக்காக ஊரின் நோன்பை விற்கப் போகிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"எடுக்கேலாது, ஹாஜியார்" என்றான். சாலிஹ் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான். வாசலில் கால் வைக்குமுன்பே உம்மாவின் குரல்: "மகன், பிறை கண்டாச்சா?"

"கண்டாச்சு உம்மா" என்றான்.

விடிந்ததும் அவள் கஞ்சி குடித்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு கொயினாவை விழுங்கினாள். ஒவ்வொரு மிடறும் இறங்க இறங்க அவனுக்கு உயிர் வந்தது. பாதிக் கோப்பையில் அவள் நிமிர்ந்தாள். "ஏன் மகன், தக்பீர் சத்தமே கேக்கல்ல?"

பேய்ஸின் விதிப்படி அந்த நிசப்தம் ஒன்றே ஜுனைதீனைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மகன் பொய் சொல்வான் என்பதற்கு உம்மாவின் கணக்கில் இடமே இருக்கவில்லை. முதல் எண் சைபரென்றால் எந்தச் சாட்சி வந்தாலும் அது சைபர்தான். காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். "எல்லாரும் காய்ச்சல்ல விழுந்துட்டாங்க போல. தக்பீர் சொல்லக்கூட ஆளில்லாமப் போச்சே." ஊருக்காகக் கண்ணீர் விட்டு அழுதாள். நீங்களாவது பள்ளிக்குப் போங்க என்று சொல்லி, புதுச் சாரத்தை உடுத்தவைத்து, அத்தரும் பூசி அனுப்பினாள்.

நோன்பு பிடித்திருந்த ஊருக்குள் பெருநாள் கோலத்தில் எந்த முகத்தோடு போவது? கூனிக் குறுகிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் ஒதுங்கினான். அங்கே கரத்தையருகில் நின்ற சாலிஹ் அவனை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தான். சாலிஹின் கண் கலங்கிவிட்டது.

"மாஸ்டர், அப்ப நீங்க என்னைய நம்பினீங்களா? நீங்க எடுக்கேலாதுன்னதும் எனக்கே என்ட கண்ணுல நம்பிக்கை போய்த்தான் நோன்போட நிக்கிறேன்."

ஜுனைதீன் வாயைத் திறந்தான். இங்கே உண்மையைச் சொன்னால் அது உம்மாவின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மிச்சக் கஞ்சியை அவள் தொடவே மாட்டாள். வாயை மூடிக்கொண்டான்.

சாலிஹ் பெருநாள் ஸலாம் சொல்லி அவனைக் கட்டியணைத்தான். பிறகு கரத்தையில் தொங்கிய தண்ணீர்க் குடுவையை எடுத்து, பிஸ்மி சொல்லி, ஒரே மூச்சில் குடித்தான்.