கடைசிப் பெட்டியில் இருமியவள்

நடைமேடையின் மேற்குக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் அர்லீனுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கிவிட்டது. படியேறி வந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். அங்கே கூரை உண்டு, குளிருக்குச் சூடு தரும் விளக்கும் உண்டு. கணவன் வெண்டல் அதையெல்லாம் தாண்டி, பனியை யாரும் ஒதுக்காமல் விட்டிருந்த நுனிவரைக்கும் அவளை முழங்கையைப் பிடித்து நடத்தி வந்திருந்தான். "கடைசிப் பெட்டிதான் காலியா இருக்கும். நாலு பேர் மூச்சு உன் மேல படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?" என்று சிகிச்சைக்குக் கிளம்பிய முதல் நாளே சொல்லியிருந்தான். டாக்டர் சொன்னது உண்மை. பெட்டி காலியாக இருப்பதும் உண்மை. இரண்டு உண்மைகளை முன்னால் நிறுத்திவிட்டு மூன்றாவதை அவற்றுக்குப் பின்னால் ஒளித்துவைக்க வெண்டலுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது இதுதான். காலையில் சிகாகோவுக்குப் போகும் புறநகர் ரயில்களை எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின். இந்த வண்டிக்கு வருவதோ பழைய ரகம். கோடைக்குள் எல்லாவற்றையும் உடைக்க அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. புறப்படும்போது அது அடிவயிற்றிலிருந்து எழுப்பும் உறுமல் புது எஞ்சின்களுக்கு எந்த ஜென்மத்திலும் வராது. வெண்டல் தீப்பெட்டி அளவு ரெக்கார்டரை ஜன்னல் விளிம்பில் வைப்பான். சாயங்காலம் அந்தச் சத்தத்தை எஞ்சின் பைத்தியங்களின் இணையக் குழுவில் ஏற்றுவான். பள்ளிக்கூடங்களில் கொதிகலன் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவனை ஊரில் யாரும் சீந்துவதில்லை. அந்தக் குழுவில் அவன் ராஜா.

இதற்கான விலையை அர்லீன்தான் கொடுத்தாள், நடந்து. சிகாகோ நிலையத்தில் கடைசிப் பெட்டிக்காரர்கள் ரயிலின் முழு நீளத்தையும் நடந்தால்தான் வாசலைப் பார்க்க முடியும்.

அன்றைக்கு டிக்கெட் பார்க்க வந்த கண்டக்டர் ஓட்டிஸ் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "ஏம்மா, முதல் பெட்டில ஏறினா இறங்குனதும் வாசல். எதுக்கு இந்த உடம்போட இவ்ளோ தூரம் நடக்குறீங்க?"

"என் வீட்டுக்காரர் எல்லாம் விசாரிச்சு வச்சிருக்காருப்பா. அங்க கூட்டம், கிருமி. பால் வாங்கிட்டு வான்னா பேட்டரி வாங்கிட்டு வர்ற மனுஷன்! இப்ப பாரு, என்னை என்னமா தாங்குறாரு."

ஓட்டிஸ் ஜன்னல் விளிம்பில் இருந்த ரெக்கார்டரைப் பார்த்தான். பிறகு வெண்டலைப் பார்த்தான். டிக்கெட்டில் துளை போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். வெண்டலுக்குக் காதெல்லாம் சுட்டது. கையுறையைக் கழற்றி ரெக்கார்டரின் மேல் போட்டான். ஆனால் அதை அணைக்கவில்லை.

மருத்துவமனையில் மருந்து ஏறி முடிய அரை நாள் பிடிக்கும். அர்லீனுக்குப் பொழுது போகவில்லை. "அந்த போனைக் குடு. ராத்திரியெல்லாம் காதுல மாட்டிக்கிட்டு தனியா சிரிக்கிறியே, அப்படி என்னதான் இருக்குன்னு நானும் கேக்குறேன்."

மறுத்தால் சந்தேகப்படுவாள். போன முறை குழுவில் ஏற்றிய பதிவைத் திறந்து கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் அந்தப் பதிவின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. திருப்பி வாங்கக் கை நீட்டினான். அவள் அதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். "இது நான்தானே, இருமுறது?"

விரலால் திரையைக் கீழே தள்ளினாள். குழுவில் யாரோ ஒருவன் எழுதியிருந்தான்: "பிரமாதம் தலைவரே. நடுவுல நடுவுல இருமுற அந்தப் பொம்பளை யாரு? அடுத்த தடவை தூரமா துரத்தி விடுங்க." அதன் கீழே வெண்டலின் பதில்: "யாரோ ஒரு பயணி. மன்னிக்கணும். இருமலை வெட்டிட்டு மறுபடி போடுறேன்." அதற்குக் கீழே சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக இருந்தன.

அர்லீன் ஹெட்போனைக் கழற்றி, வயரை நிதானமாகச் சுற்றி, போனோடு அவன் மடியில் வைத்தாள். "அப்ப கடைசிப் பெட்டி இதுக்குத்தானா?"

"கூட்டமும் இல்லைதான்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஆமா."

அந்த நேரம் பார்த்து மருந்துப் பையை மாற்றப் புது நர்ஸ் வந்தாள். "கூட வந்திருக்கிறது வீட்டுக்காரரா?"

"யாரோ ஒரு பயணி" என்றாள் அர்லீன்.

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று வெண்டலும் சிரித்து வைத்தான். சிரித்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. தன்னையே ஓங்கி ஓர் அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. முகம் தெரியாத ஒருவனிடம் நல்ல பேர் வாங்குவதற்காக இவளை வெட்டியிருக்கிறான். 'என் மனைவி, நுரையீரலில் கட்டி' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எழுதத் தோன்றவே இல்லை, அதுதான் அவனை அறுத்தது. அந்த நிமிஷத்தில் அவனுக்கும் அந்த இருமல் இடைஞ்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நிலையத்துக்குள் நுழைந்ததும் எதிரிலேயே நின்ற பெட்டியின் படியில் கை வைத்தான். "இதுலயே ஏறிக்கலாம், அர்லீன்."

அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து நடந்தாள். இடையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தாங்கப் போனபோது கையை உதறிவிட்டு மறுபடி நடந்தாள். திரும்பும் வண்டியை எஞ்சின் முன்னாலிருந்து இழுக்கும். அதை ஒட்டிய பெட்டி வரைக்கும் போய், ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெண்டல் ரெக்கார்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மணி அடித்தது. எஞ்சின் உறுமத் தொடங்கியது. அவள் தோள்கள் குலுங்குவதை அப்போதுதான் கவனித்தான். கழுத்துத் துணியைச் சுருட்டி வாய்க்குள் அடைத்திருந்தாள். கண்ணில் நீர் முட்டி முகம் சிவந்துகொண்டே போயிற்று.

"இருமும்மா! நான் எதையும் பதிவு பண்ணலை. இங்க பாரு, ஒண்ணுமே இல்லை" என்று இரண்டு வெறுங்கைகளையும் விரித்து அவள் முன்னால் நீட்டினான்.

அவளுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. உறுமல் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. பேசாதே என்பதுபோல ஒரு விரலை உயர்த்திக் காட்டி, துணியை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினாள்.