கேசட்டில் இல்லாத வசனங்கள்

குணாளன் வாயை மூடி உட்கார்ந்திருந்ததை ஷாமளா பார்த்ததே இல்லை. கூலிம் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டினான் அவள் அண்ணன். அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம், குணாளனின் பேச்சு கிடைக்காமல் போகாது. முந்தின நாள் பந்து விளையாட்டு, மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போன கதை, தாமான் குடியிருப்புச் சாலையில் யாரோ வெட்டிய பள்ளம் என்று வேலைக்குப் போகிறவர்களின் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டே ஓட்டுவான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்து நாலு வயதில் ஸ்ட்ரோக் வந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தான். உள்ளே இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

கால் மெதுவாகத் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "அது". தண்ணீர் கேட்டாலும் அது, மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் அது. மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண், சொல்லெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வரும் பாதைதான் அடைத்துக் கிடக்கிறது என்று விளக்கினாள். கோப்பை, பூனை, சாவி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். குணாளன் அவற்றையே முறைத்துக்கொண்டிருப்பான். பிறகு அட்டையைத் தள்ளிவிடுவான்.

அவன் மனைவி நவமணி எல்லா "அது"வையும் படிக்கக் கற்றுக்கொண்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் துண்டோ தண்ணீரோ கைக்கு வந்துவிடும். ஷாமளா கூலிமிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீடு இருந்த கரங்கானுக்கு வருவாள். வந்து, வீட்டில் இருக்கிற மௌனத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது என்பதுபோல் பேசித் தள்ளுவாள். திரும்பிப் போகும்போது தொண்டை கமறிப் போயிருக்கும்.

ஒருநாள் போனில் உடைந்த கண்ணாடியை மாற்ற அவள் போன் பழுது பார்க்கும் தயாளனின் கடைக்குப் போனாள். கண்ணாடி அலமாரியில் கையகலத்தில் பழைய வீடியோ கேம் ஆடும் கருவிகளை அடுக்கி வைத்திருந்தான். அதில் ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஊதல் மாதிரி ஒரு ராகம். ஷாமளா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, இது என்னா கேம்?"

"பழைய ஜப்பான் கேம்க்கா. ஒரு பையன் ஊர் ஊரா நடந்து போவானே..."

"தலையில சிவப்புத் துணி கட்டியிருப்பான்."

"ஆமா லா! ஆடியிருக்கீங்களா?"

ஆடியிருந்தாள். பினாங்கில் வேலை பார்த்த சித்தப்பா டிவியில் மாட்டி ஆடும் ஒரு விளையாட்டுப் பெட்டியும் ஒரே ஒரு கேசட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது குணாளனுக்குப் பதினாலு வயது, அவளுக்குப் பதினொன்று. கேசட் முழுக்க ஜப்பான் மொழி. அந்தப் பையன் யார் எதிரில் போய் நின்றாலும் கீழே ஒரு கட்டம் திறக்கும், அதற்குள் எறும்பு ஊர்வதுபோல் எழுத்து ஓடும். ஒரு எழுத்துகூடப் புரியாது. குணாளன் அதற்காகக் கவலைப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் தானே பெயர் வைத்தான், தானே வசனமும் பேசினான். ஊர் வாசலில் நிற்கும் காவல்காரன் 'ஜாகா'. அரண்மனையில் இருக்கும் ராஜாவுக்குத் தோட்டத்துத் தலைமைக் கணக்கரின் பெயர், 'பெரிய கிராணி'. எல்லாக் குரலும் அவனுடையது, சிவப்புத் துணிப் பையனின் குரல் மட்டும் ஷாமளாவுடையது. ஒருமுறை சொன்ன வசனத்தை மறுநாள் மாற்றினால் அவள் விடமாட்டாள், "நேத்து இப்படியா சொன்ன?" என்று சண்டைக்கு வருவாள். அதனால் வசனங்கள் பாடம்போல் நிலைத்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தினமும் அதுதான்.

"ஒரிஜினல் வேணுமாக்கா, மோட் வேணுமா?" என்றான் தயாளன்.

"ரெண்டும் வேற வேறயா?"

"ஒரிஜினல் முழுக்க ஜப்பான் எழுத்து, ஒண்ணும் புரியாது. இந்த கேம் மேல பைத்தியமா இருக்கிற ஆளுங்க சில பேரு உக்காந்து எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்தி வச்சிருக்காங்க. அதான் மோட். கலரும் பளிச்சுனு இருக்கும். நடையும் வேகம், சும்மா சும்மா சாகவும் மாட்டான். மோடையே எடுத்துக்குங்க. ஒரிஜினல் ஆடுறது ரொம்ப சுசா லா, கைய ஒடிச்சிடும்."

ஷாமளாவுக்கு அண்ணனின் வலது கை நினைவுக்கு வந்தது. கஷ்டமில்லாமல் ஆடலாம். இங்கிலீஷ் எழுத்தைப் படித்தால் பேச்சுக்கும் பயிற்சியாகும். "அப்ப மோட்" என்றாள்.

"ரெண்டையும் போட்டுத் தர்றேன். நீங்க மோடைத் திறங்க."

ஞாயிற்றுக்கிழமை கருவியைக் குணாளனின் முன்னால், சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ராகம் கேட்டதும் அவன் முகம் விரிந்தது. ஷாமளாவைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், இடது கையால் மேசையைத் தட்டினான். "அது! அது!" நவமணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவன் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

நடக்கும் பொத்தானை அவன் இடது கையால் அழுத்த, மற்றதை ஷாமளா பார்த்துக்கொண்டாள். சிவப்புத் துணிப் பையன் விடுவிடுவென்று நடந்து ஊர் வாசலுக்குப் போனான். ஜாகா நின்றிருந்தான். கட்டம் திறந்தது. இந்த வாயிலுக்கு அப்பால் உள்ள நாடு இருளில் மூழ்கிக் கிடக்கிறது, வீரனே, எச்சரிக்கை என்று அழகான இங்கிலீஷில் எழுத்து ஓடியது.

குணாளனின் சிரிப்பு நின்றது. புருவத்தைச் சுருக்கி எழுத்துகளைப் பார்த்தான்.

"படிண்ணே. முதல் வார்த்தை மட்டும். பி... பியாண்..."

அவன் உதடு அசைந்தது. "அது" என்றான். ஷாமளா தானே படித்து, தமிழிலும் சொன்னாள். அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம். அரண்மனைக்குள் பெரிய கிராணி நாட்டின் சாபத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். குணாளன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல். "கஷ்டமா இருக்கா? மெதுவா படிக்கலாம்ணே" என்று ஷாமளா சொன்னதும் கருவியை ஒரே தள்ளாகத் தள்ளினான். விளிம்பிலிருந்து விழப் போனதை நவமணி பிடித்தாள்.

"களைப்பா இருக்காரு. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம், ஷாமளா" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷாமளா தன்னையே திட்டிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தவனுக்கு நானே போய்ப் பரீட்சை வைத்துவிட்டேனே. அதோடு இன்னொன்றும் உறுத்தியது. இருளில் மூழ்கிய நாடாம், சாபமாம். ஜாகாவின் வாயில் அந்தப் பேச்சு அவளுக்கும் பிடிக்கவில்லை. யாரோ முன்பின் தெரியாதவன் ஜாகாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றதுபோல் இருந்தது.

வாரத்தின் நடுவில் நவமணி போன் செய்தாள். "அந்தப் பொட்டிய எடுத்து வச்சிக்கிட்டு எதையோ தேடுறாரு. திறக்குறாரு, பாக்குறாரு, மூடிடுறாரு. என்னா வேணும்னு எனக்கே புரியல."

நவமணிக்கே புரியாத ஒரு "அது". வேலை பார்க்கும் கையுறை ஆலையில், கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் ஷாமளா அதையே யோசித்தாள். அட்டையில் பூனை இருந்தால் பூனை என்று சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் கட்டம் திறந்தால் படித்தாக வேண்டும். எல்லோருக்கும் முடிகிறது, அவனுக்கு மட்டும் முடியவில்லை. ஜப்பான் எழுத்து அப்படியல்ல. அதை அவளாலும் படிக்க முடியாது, நவமணியாலும் முடியாது. அதன் முன்னால் அவன் மட்டும் தனியாகத் தோற்க வேண்டியதில்லை.

அவ்வளவுதான் நினைத்தாள். அடுத்த ஞாயிறு வந்தபோது அதற்கு மேல் எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணே, இன்னிக்குப் படிக்கிற வேலையே இல்ல" என்று சொல்லி ஒரிஜினலைத் திறந்தாள். நிறம் மங்கல். பையன் நத்தை மாதிரி நடந்தான். வாசலுக்குப் போகும் வழியில் ஒரு பூச்சி கடித்துச் செத்தே போனான், மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியதாயிற்று. குணாளன் பொறுமையாக நடத்தினான். கடைசியில் ஜாகாவின் முன்னால் போய் நின்றான். கட்டம் திறந்து எறும்புகள் ஊர்ந்தன.

"எங்கடா போற? உங்கப்பனுக்குத் தெரியுமா?"

ஷாமளா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். குரல் கரகரத்திருந்தது, ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் முழுசாக வந்தது. குணாளனே திகைத்துப் போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

இப்போது பதில் சொல்ல வேண்டியது பையன். பையன் என்றால் ஷாமளா. அழுதால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரியாது. சொல்லிடாதீங்க, மிட்டாய் தர்றேன்" என்றாள் சின்னக் குரலில்.

"என்னா மிட்டாய்?"

"புளி மிட்டாய்."

"சரி, போ. பாத்துப் போ."

நவமணி ஈரக் கையோடு சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுக்கும் பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். சின்ன வயதில் மனப்பாடமான பாட்டும் சாமி கும்பிடும் வரியும் சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றாள். இதனால் பேச்சு திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஆனால் இது ஒரு வாசல், கருவியைக் கொண்டுவாருங்கள் என்றாள்.

அவள் சொன்னதுபோல்தான் இருந்தது. கேமுக்குள் ஜாகா பேசினான், மீன்காரி திட்டினாள், பெரிய கிராணி பையனைப் பார்த்து "மணி அடிச்சாச்சு, இன்னும் என்னா தூக்கம்?" என்று கத்தினார். கருவியை மூடியதும் குணாளனிடம் பழையபடி "அது" மட்டும் இருந்தது.

நவமணி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். ஒருநாள் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தக் கதைய எனக்குச் சொன்னதே இல்ல பாரேன்" என்றாள். அடுத்த சட்டையை உதறிக்கொண்டே, "ஜாகாகிட்ட பேசுறாரு, மீன்காரிகிட்ட பேசுறாரு. பரவால்ல, குரல் கேக்குதே, அது போதும்" என்று சொல்லிவிட்டு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குணாளன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில வாரங்களில் பையன் ஒரு ஆற்றங்கரைக்கு வந்து, படகேறி அக்கரையில் இறங்கினான். ஷாமளா நிறுத்தினாள். சின்ன வயதில் அவர்கள் அந்தக் கரைக்குப் போனதில்லை. போவதற்குள் இடி விழுந்து பெட்டி கருகிவிட்டது. எதிரே தெரிந்த ஊரில் யாருக்கும் பெயரில்லை, வசனமும் இல்லை.

பையன் முதல் வீட்டின் முன்னால் நின்றான். பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் கதவைத் திறந்தாள். கட்டம் திறந்தது. குணாளனின் வாய் திறந்து, ஒன்றும் வராமல் மூடிக்கொண்டது.

"அண்ணே, இதுக்கு மேல நமக்கு ஒண்ணும் தெரியாது. இங்கிலீஷ்ல போட்டா இந்தப் பொம்பள என்னா சொல்றான்னு தெரிஞ்சுடும். மாத்தட்டுமா?"

அவன் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அது!" என்று உரக்கக் கூப்பிட்டான்.

நவமணி தண்ணீர்க் குவளையோடு வந்தாள். அவன் குவளையை வாங்கவில்லை. பக்கத்து நாற்காலியை இடது கையால் இழுத்து, அதைத் தட்டினான். அவள் உட்கார்ந்தாள். திரையில் இருந்த பெண்ணைக் காட்டினான், நவமணியைக் காட்டினான்.

ஷாமளாவுக்குப் புரிந்தது. "அண்ணி, இவளுக்கு நீங்கதான் பேசணுமாம்."

"அய்யோ, எனக்கு என்னா தெரியும்?"

"யாருக்குமே தெரியாது அண்ணி. நீங்க சொல்றதுதான் வசனம்."

நவமணி குவளையை மேசையில் வைத்தாள். திரையைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள், பையனும் நகராமல் நின்றிருந்தான். நவமணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கெங்கயோ அலைஞ்சிட்டு வர்றீங்க" என்றாள் மெதுவாக. "உள்ள வாங்க. ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து உக்காருங்க, போதும்."

பதில் சொல்ல வேண்டியது பையன். ஷாமளா உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். கட்டத்தின் மூலையில் சின்ன முக்கோணம் ஒன்று மின்னி மின்னி அணைந்தது. குணாளனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"உக்... உக்கா..." கண்ணை மூடித் திறந்தான். "உக்காந்துட்டேன்."

யாரும் எப்போதும் மனப்பாடம் செய்யாத சொல் அது. அவனே அப்போது கண்டுபிடித்து, அப்போதே சொன்னது. மூச்சு வாங்கியது அவனுக்கு. ஆனால் இன்னும் ஏதோ பாக்கியிருப்பதுபோல் கையை உயர்த்தி ஷாமளாவைத் தடுத்தான். நவமணியின் பக்கம் திரும்பினான்.

"நவ... நவம்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். நவமணி அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவன் இடது கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஷாமளா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து நவமணி நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கருவியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எதைத் தட்டணும்? இதையா?" என்றாள். "பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னு பாப்போம்."