கூரைமேல் வாடும் கிளை

மலைச்சரிவு மக்களே, வாருங்கள்! நம் காசல்தோரியில் புதிதாய் எழுந்து நிற்கும் அந்தப் பழைய பண்ணை வீட்டைப் பாருங்கள். கூரை உச்சியில், ஓடு வேய்ந்து முடிந்ததும் கட்டிய லாரல் மரக்கிளை ஒன்று வாடிக்கொண்டிருக்கிறது. கட்டியவர்களுக்கு விருந்து படைத்த பிறகே அது இறங்க வேண்டும் என்பது நம் வழக்கம். விருந்து நடந்தது, கட்டியவர்கள் உண்ணவில்லை!

இடிந்து கிடந்த வீட்டை வாங்கியவன், நம் தெருவில் பிறந்து மிலானில் பிழைத்துத் திரும்பிய ஃபோஸ்கோ. நிலநடுக்கத்தில் நம் ஊர்ப் பொது ரொட்டி அடுப்பு விழுந்த நாள்முதல் கடை ரொட்டி தின்று நாணிக் கிடந்தோம். அதை அறிந்தே என்னிடம் பேசினான்.

"அர்ஜியாக்கா, வீடு எனக்கு, அதுல இருக்கிற ரொட்டி அடுப்பு ஊருக்கு. சனிக்கிழமை தோறும் எல்லாரும் வந்து சுடுங்க. இப்ப கை மட்டும் குடுங்க."

கொடுத்தோம். வசந்தத்தில் கல் சுமந்தோம். காட்டுத் தண்ணீர்விட்டான் கொடியின் குருத்தை முட்டையில் புரட்டிச் சாரத்தின் அடியிலேயே உண்டோம். பச்சை அவரையும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் மென்றபடி சுண்ணாம்பு பூசினோம். அத்தி பழுத்தபோது உத்திரம் ஏறியது. மழைக்குப் பின் நான் காளான் வதக்கினால், கொத்தனார் நெல்லோ மேலிருந்து கத்துவார்:

"ஏ அர்ஜியா, வாசனைக்குக் கை நடுங்குது! சுவரு கோணுச்சுன்னா பழி உன்மேலதான்!"

அக்டோபரில் கடைசி ஓடு ஏறியது, கிளையும் ஏறியது. பிசைந்து பொங்கிய மாவோடு நானும், சலவைச் சட்டையில் நெல்லோவும் விருந்துக்குப் போனோம். முற்றத்து மேசைகளில் நகரத்து விருந்தினர். வாசலில் ஃபோஸ்கோ, கையில் ஒரு வெள்ளை ஏப்ரன்.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. இதக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னு மாவு பிசைங்க. அவங்க பாக்கணும்னு ஆசைப்படுறாங்க."

"நெல்லோ எங்கடா உக்காருவாரு?"

"அவருக்குச் சாப்பாடு பொட்டலம் கட்டி வச்சிருக்கேன்."

"அப்போ சனிக்கிழமை?"

"நீங்க வேற! இனிமே சனிக்கிழமைதான காசு குடுத்து விருந்தாளிங்க வர்ற நாளு."

உள்ளே நாம் பொறுக்கிய செஸ்ட்நட் கொட்டை அடுப்பில் வெடித்தது. நாம் அவனுக்குக் காட்டிய இடத்துக் காளான் மணத்தது. நெல்லோ பொட்டலத்தை வாங்கவில்லை.

"கிளைய கட்டுனவன் நான்," என்றார். "எவனாவது எறக்கட்டும், பாக்கறேன்."

அன்னியன் வஞ்சித்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்போம். இவனோ நம் மாவைத் தின்று வளர்ந்தவன். நம் பசியின் முகவரி தெரிந்தவன்!

ஆகவே, வரும் சனிக்கிழமை வீட்டுக்கு ஒருவர் மாவோடு வாருங்கள். கதவைத் தட்டாதீர்கள், அதை மாட்டியவர்கள் நாம். அடுப்பை மூட்டுங்கள். மேசையின் முதல் நாற்காலியில் நெல்லோவை அமர்த்துங்கள். அவர் வயிறார உண்டு எழும்வரை ஒருவரும் அந்தக் கிளையைத் தொடாதீர்கள், தொடவும் விடாதீர்கள்!