முகவரி பார்க்கும் அனுமதி

எங்கள் ஆஸ்பத்திரிக் கணினியில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று டிக் போடுகிறவள் நான். அதனால் எல்லோருக்கும் என் மேல் எரிச்சல். மருந்துக் கிடங்கு அண்ணனிடம், "உங்களுக்கு எதுக்கு நோயாளியோட ஸ்கேன்?" என்று கேட்டால், "உங்கப்பன் வீட்டு ஸ்கேனா?" என்பார். "உங்கப்பா வீட்டுதும் இல்லண்ணே" என்பேன். வாய் நீளம்தான். இல்லாவிட்டால் இந்த வேலையில் குப்பை கொட்ட முடியாது.

அன்று காலை, மூன்றாம் மாடி நர்ஸ் அக்காவின் முகவரி மாற்ற விண்ணப்பம் என் திரையில் வந்து நின்றது. நான் ஒப்புதல் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி வேன் அவருடைய புது வீட்டுக்குப் போகும். பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அடி வாங்கிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிய மகராசி அவர். அடித்த புருஷன் எங்கள் பில் பிரிவுத் தலைவன், மேனேஜரின் மச்சான். அக்கா எங்கே இருக்கிறார் என்று இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

நான் ஒப்புதல் கொடுப்பதற்குள் மேனேஜர் கூப்பிட்டார்.

"மச்சானுக்கு ஊழியர் விவரம் பாக்கற அனுமதி குடும்மா."

"எதுக்கு சார்?"

"பில் வேலைக்குத்தான்." தானே திறந்து பார்த்துச் சொன்னால் பதிவில் தன் பெயர் விழும் என்று அவருக்குத் தெரியும்.

"பில் போட நர்ஸ் வீட்டு முகவரி எதுக்கு சார்?"

"ஒரே ஒரு டிக். அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"அந்த ஒரு டிக் உங்க மச்சானை நேரா அக்கா வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுடும் சார். முடியாது."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பெரிய வீராங்கனை என்று நினைப்பு! எதற்கும் பார்ப்போமே என்று மச்சானின் கணக்கைத் திறந்தேன். 'ஊழியர் விவரம்: பார்க்கலாம்.' டிக் ஏற்கெனவே இருந்தது.

போட்டவள் சாட்சாத் நானேதான். எங்கள் ஆபீஸில் புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. "முன்னாடி இருந்தவரை மாதிரியே போட்டுடும்மா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். முன்னால் இருந்தவர் ஊழியர் பிரிவிலிருந்து வந்தவர். அவருடைய டிக்குகளை அப்படியே இவனுக்கும் இறக்கி வைத்திருக்கிறேன், மூன்று வருஷமாக. அந்த விவரப் பக்கம் தனக்குத் திறக்கும் என்று இவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவைகூட அவன் அதைத் திறந்ததாகப் பதிவு இல்லை. காலையில் நான் கொஞ்சம் சுறுசுறுப்பாக அக்காவுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால், புது முகவரி அவன் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்குமே? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவன் டிக்கை எடுத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. இப்படி 'மாதிரியே' வாங்கியவர்கள் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். எல்லோருடையதையும் பிடுங்கினேன். இனி ஒருவருடைய முகவரியை அவரும் வேன் பிரிவும் மட்டும்தான் பார்க்கலாம். மேனேஜருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. அதன் பிறகுதான் அக்காவுக்கு ஒப்புதல் கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் என் மேஜை முன்னால் நின்றார், பின்னால் மச்சான்.

"எனக்கே அந்தப் பக்கம் திறக்கல! யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?"

"இத்தனை நாள் யாரைக் கேட்டு சார் திறந்து போட்டிருந்தோம்?"

"இது குடும்ப விஷயம்மா," என்று மச்சான் குழைந்தான். "என் பொண்டாட்டி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"தெரியணும்னா அக்காவே சொல்லியிருப்பாங்களே."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "டிக் போடற உன் அட்மின் அதிகாரத்தையே எடுக்கறேன் பாரு!" டிக் போட அவரால் முடியாது, என்னை நீக்க மட்டும் முடியும்.

"தாராளமா எடுங்க." எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். பயம்தான், ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

தன் கணக்கில் நுழைந்து, என் பெயரைத் தேடிப் பிடித்து, 'நீக்கு' என்பதை அழுத்தினார். திரையில் ஒரு கட்டம் வந்தது. காரணம் எழுத வேண்டும், அது இயக்குநர்கள் அத்தனை பேருக்கும் மெயிலில் போகும். காலியாக விட்டால் நீக்க முடியாது.

மேனேஜர் மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரைப் பார்த்தான்.

"நான் சொல்றேன், எழுதுங்க சார்." அடுத்த அறைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அடிச்ச புருஷனுக்கு, தப்பிச்சுப் போன பொண்டாட்டியோட வீட்டைக் காட்ட மாட்டேன்னு சொன்னா. அதனால நீக்கறேன்."

பக்கத்து மேஜைகளில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. மேனேஜர் ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. கட்டத்தை மூடிவிட்டு எழுந்தார்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.