நட்சத்திரம் விட்டுவைத்தது

ஓடும் கட்டளையை நிறுத்தக் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினான். மூன்று முறை. பயனில்லை. திரை காரியத்தை முடித்துவிட்டுச் சாதுவாக மின்னிக்கொண்டிருந்தது.

பேச்சுப் பயிற்சி அறைக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று வேண்டாத பதிவுகளைத்தான் அழிக்கப் போனான். 'பழசு' என்று தொடங்கும் பெயர்கள் அத்தனையும் போக, அந்தச் சொல்லை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பத்து வருஷமாகக் கட்டி மேய்க்கிறவனின் விரல், இன்று பதற்றத்தில் நடுவே ஓர் இடைவெளி விட்டுவிட்டது. தனியாக நின்ற நட்சத்திரத்தை, கட்டளையை வாங்கிச் செய்யும் ஷெல் தன் வழக்கப்படி 'எல்லாம்' என்று விரித்தது. அந்த ஃபோல்டரில் இருந்த எல்லாப் பெயரும் போயிற்று. முந்நூறு வாக்கியங்கள். அவன் மனைவியின் குரல். வேறு பிரதி கிடையாது.

பதினோரு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் அவள் டைப் செய்வதை, அந்தப் பதிவுகளை வைத்து ஒரு கருவி அவள் குரலிலேயே பேசும் என்று ஏற்பாடு. மணி பத்தே முக்கால். அவளை உள்ளே கொண்டுபோய் மயக்க மருந்தும் கொடுத்தாயிற்று.

அவளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் வந்ததும், நடந்ததை ஒப்புக்கொண்டான். நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேருக்கு முன்னால புள்ளி இருந்தா, அதை நட்சத்திரம் தொடுமா தம்பி?"

"தொடாது மேடம். அதெல்லாம் மறைஞ்ச ஃபைல். தனியாக் கேட்டாத்தான் காட்டும்."

"அப்போ தனியாக் கேளுங்க."

கேட்டான். புள்ளி வைத்த பெயர்கள் மளமளவென்று இறங்கின. இருநூற்றுப் பன்னிரண்டு. கருவிக்கு இதுவே தாராளம் என்றார் மேடம். கையெடுத்துக் கும்பிடப் போனவனை அவர் தடுத்தார். கும்பிடுவதானால் உள்ளே படுத்திருக்கிறவளைக் கும்பிடச் சொன்னார். ஒரு மாதமாகப் பயிற்சி முடிந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் பேசிப் பதிந்தவள் அவள். புள்ளி வைத்தால் மறையும் என்பது, சாப்பிடும்போது அவன் அளந்ததிலிருந்து அவள் பிடித்துக்கொண்ட வித்தை.

"எதுக்கு மேடம் எங்கிட்ட மறைக்கணும்?"

அவர் முதல் பதிவைத் தட்டினார். மனைவியின் குரல் கேட்டது.

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல என்ன வெச்சிருக்கீங்க?"

பதியக் கொடுத்த முந்நூறு வாக்கியப் பட்டியலில் கோபமாக ஒரு வாக்கியம்கூட இல்லையாம். இந்த இருநூற்றுப் பன்னிரண்டும், ஊமையான பிறகும் இதே கோபக் குரலில் அவனைத் திட்ட வேண்டுமே என்று அவள் சேர்த்துவைத்தவை.